சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள்! - குன்னூர் தேயிலைச் சரிவில் ஒரு சைக்கிள் பயணம்

குன்னூர் சிம்ஸ் பூங்காவைத் தாண்டி லாம்ப்ஸ் ராக் போகும் சாலையில், காலை ஆறரை மணிக்கு சைக்கிள் மிதித்துப் பாருங்கள். இருபுறமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், முகத்தில் மோதும் பனிமூட்டம். மூச்சு வாங்கினாலும் மெதுவாக ஏறிவிடலாம். நீலகிரியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்.

1899-ல் குன்னூருக்கு வந்த மலை ரயிலைக் கவனித்திருக்கிறீர்களா? மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே அதன் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று பாரத்தைத் தாங்கும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு அது. தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பல் பட்டையைப் பற்சக்கரம் கவ்விப் பிடிப்பதால்தான் ரயில் பத்திரமாக இறங்குகிறது.

சைக்கிளுக்கு அப்படித் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. சரிவில் நம் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்விடும். உடம்பைத் தாழ்த்திப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மிதிப்பதற்கு வசதியாக உயர்த்தி வைத்த சீட் அதற்கு இடம் கொடுக்காது.

போன வருடம் இதை விழுந்துதான் கற்றுக்கொண்டேன். தேயிலைத் தோட்டத்தின் செம்மண் பாதையில் இறங்கும்போது, முன் சக்கரம் மழைநீர் வாய்க்காலில் மாட்டியது. பின்னால் நகரப் பார்த்தேன். சீட் இடுப்பைத் தடுத்தது. அடுத்த நொடி ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தேன். பின்னால் வந்த மகள் அழுதுவிட்டாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தூக்கிவிட்டு, "சீட்டை எறக்கி வெச்சு ஓட்டக் கூடாதா தம்பி?" என்று கேட்டார்.

இறக்கலாம்தான். ஆனால், குன்னூர் மாதிரி ஊரில் கால் மணி நேரத்துக்குள் நாலு ஏற்றமும் நாலு இறக்கமும் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இறங்கி நின்று சீட்டைக் கழற்றி மாட்ட முடியுமா?

அதற்குத்தான் டிராப்பர் சீட் போஸ்ட். ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன லிவரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே போகும். எழுந்துகொண்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மேலே தூக்கும். மலைப்பாதை சைக்கிள்களுக்கான இந்தப் பொருளைச் சாலைப் பந்தய சைக்கிளில் மாட்டி ஓட்டினார் ஸ்லோவேனியா வீரர் மதேய் மொஹோரிச். 2022 மிலான் - சான்ரெமோ பந்தயத்தின் கடைசி இறக்கத்தில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தார்.

நான் வாங்கியது 125 மில்லிமீட்டர், அதாவது சுமார் ஐந்து அங்குலம் இறங்குவது. வாங்கும் முன் பழைய சீட் கம்பியில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். 27.2, 30.9, 31.6 என்று பல அளவுகள் உண்டு. தசம அளவு மாறினாலும் பொருந்தாது.

மாட்டுவதில் சிக்கல், கேபிள் ஃபிரேமுக்குள்ளேயே போக வேண்டும் என்பது. முன்பக்கத் துளையில் நுழைத்தால், பெடல் அச்சுக்குப் பக்கத்து வளைவில் போய் முட்டி நின்றது. ஒரு மணி நேரம் போராடினேன். மகள்தான் வழி கண்டுபிடித்தாள். நூலில் பஞ்சுத் துணுக்கைக் கட்டி சீட் குழாய்க்குள் போட்டு, முன்பக்கத் துளையில் வீட்டு வேக்குவம் கிளீனரை வைத்தாள். "வந்துடுச்சுப்பா!" நூலோடு பழைய கியர் கேபிளைக் கட்டி இழுத்தோம். அதன் மேல் கேபிள் உறையைக் கோர்த்துத் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனது.

இன்னும் இரண்டு விஷயங்கள். சீட் போஸ்டை உள்ளே இறக்கும்போது, இன்னொருவர் முன்பக்கம் கேபிளை மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மடங்கிவிடும். சீட் கிளாம்ப்பை அளவுக்கு மேல் முறுக்கினால் டிராப்பர் மேலே வரத் திணறும்.

அடுத்த ஞாயிறு, தோட்டத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு அதே பாதைக்குப் போனோம். வாய்க்காலுக்கு முன்பே லிவரை அழுத்தினேன். சீட் இறங்கியது, உடம்பைப் பின்னுக்குத் தள்ளினேன், சக்கரம் தாண்டிவிட்டது.

அடுத்த வளைவில் ஒரு காட்டெருமை பாதையை அடைத்து நின்றது. பிரேக் பிடித்தேன். பழைய உயரமாக இருந்தால் சரிவில் கால் விரல்தான் எட்டியிருக்கும், தடுமாறியிருப்பேன். இப்போது இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றியிருந்தன. பெல் அடிக்காமல், அசையாமல் தூரத்திலேயே நின்றோம். பத்து நிமிடத்தில் அது செடிகளுக்குள் இறங்கிப் போனது.

"இப்ப நான் முன்னாடி போறேன்பா" என்றாள் மகள். அவள் சைக்கிளில் டிராப்பர் கிடையாது. அங்கேயே நிறுத்தி, அவள் சீட்டைக் கையால் இறக்கிவிட்டு, பிறகு வழிவிட்டேன்.