செவிக்கும் உரிமை உண்டு

சென்னையின் மேற்கு வாயிலாக விளங்கும் பூந்தமல்லியில், பேருந்துக்குக் காத்திருப்பதும் அதில் நெடுநேரம் பயணிப்பதும் பெருந்திரளான மக்களின் அன்றாட வாழ்வில் ஒரு பகுதியாகிவிட்டன. திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புவோர், போரூர் அலுவலகங்களுக்குச் செல்வோர், கல்லூரி மாணவர், மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர் எனப் பலரும் ஒரே வண்டிக்குள் அமர்ந்தும் நின்றும் செல்லும்போது, அங்கு எழும் ஒலி அனைவருக்கும் பொதுவானதாகிறது. அவர்களுள் ஒருவர் தம் கைப்பேசியின் ஸ்பீக்கரில் ரீல்ஸ் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாலும், வீட்டு விவகாரத்தை உரத்த குரலில் பேசினாலும், மற்ற அனைவரும் அதைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. பிடிக்காத காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஒலியிலிருந்து விலகிக்கொள்ள ஓடும் பேருந்தில் இடமில்லை.

தொலைபேசி உரையாடல் தனிமைக்குரியது என்னும் எண்ணம் தமிழகத்துக்குப் புதியதன்று. 1980களின் பிற்பகுதி முதல் ஊர்தோறும் பெருகிய எஸ்.டி.டி. பூத்களில் பலவற்றில், பேசுவோர் குரல் வெளியே கேட்காதிருக்கக் கண்ணாடிக் கதவிட்ட சிற்றறை ஒன்று இருந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு இந்தியாவில் கைப்பேசிச் சேவை தொடங்கிய பின்னர், உரையாடல் அந்த அறையைவிட்டு வெளியேறியது. 2016இல் ஜியோ நிறுவனம் தொடங்கிவைத்த கட்டணப் போட்டியால் இணையத் தரவின் விலை பெரிதும் வீழ்ந்தபோது, பேச்சோடு பாட்டும் திரைப்படமும் பயணத்துக்குள் நுழைந்தன. கருவி மாறிய வேகத்துக்கு ஈடாக அதற்குரிய ஒழுங்கு வளரவில்லை என்பதே இன்றைய சிக்கலின் வேர்.

பேருந்தில் பேசுவோர் குரலை உயர்த்துவதற்கு உடலியல் சார்ந்த காரணமும் உண்டு. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது, மனிதர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துகின்றனர். 1911இல் இதனை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்டின் பெயரால் இது ‘லொம்பார்ட் விளைவு’ எனப்படுகிறது. எஞ்சின் இரைச்சலோடு பக்கத்து இருக்கையின் காணொளியும் சேரும்போது பேசுபவர் மேலும் உரக்கப் பேசுகிறார். அதை மீறிக் கேட்பதற்காக அடுத்தவர் தம் கருவியின் ஒலியைக் கூட்டுகிறார். கேட்போர் படும் தொல்லைக்கும் ஆய்வு விளக்கம் தந்துள்ளது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் அவருடன் இணைந்தோரும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருவர் பேசும் முழு உரையாடலைவிட, ஒருவர் பேச்சு மட்டும் கேட்கும் பாதி உரையாடலே கேட்போரின் கவனத்தை மிகுதியாகச் சிதைக்கிறது. அடுத்து வரும் சொல்லை ஊகிக்க இயலாததால் மனம் அதையே தொடர்ந்து செல்கிறது.

ஆயினும் இச்சிக்கலின் முழு எடையைப் பூந்தமல்லியில்தான் உணர முடியும். பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் இவ்வூரில் உள்ளமையால், வெண்கோலுடன் பேருந்தேறும் மாணவர்கள் இவ்வூருக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுக்கு ஒலியே வழிகாட்டி. எந்த ஊர் வண்டி வந்து நிற்கிறது, எந்த நிறுத்தம் நெருங்குகிறது, படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பவற்றை நடத்துநரின் குரலாலும் ஏறி இறங்குவோரின் சலனத்தாலும் அறிகின்றனர். மாநகர்ப் பேருந்துகள் சிலவற்றில் நிறுத்தத்தின் பெயரை ஒலிக்கும் தானியங்கி அறிவிப்பும் இதற்கு உதவுகிறது. பிறருக்கு எரிச்சலோடு முடிந்துபோகும் ஸ்பீக்கர் பாட்டு, இந்த அறிவிப்பை மறைக்கும்போது, அவர்களை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொண்டுசென்றுவிடுகிறது. திரையிலுள்ள எழுத்தைப் படித்துக்காட்டும் செயலியைப் பயன்படுத்துவதால் கைப்பேசியின் ஒலி அவர்களுக்கே இன்றியமையாதது. எனினும் ஒரு காதில் மட்டும் இயர்போனை அணிந்து, மறு காதைச் சுற்றுப்புறத்துக்கெனத் திறந்துவைப்போர் அவர்களுள் உண்டு.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. சென்னையில் ஒரு வழிபாட்டிடத்தின் ஒலிபெருக்கியால் குடியிருப்போர் துன்புற்றதையொட்டி எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எச்சமயமும் கூறவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் சட்டம், சக பயணியின் வசதிக்குக் காரணமின்றி இடையூறு செய்வதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. 2021 நவம்பரில், உயர் நீதிமன்ற வழக்கையொட்டி, கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் பேருந்துகளில் ஸ்பீக்கர் ஒலியைத் தடைசெய்தது. 2022இல் இந்திய ரயில்வே, இரவு 10 மணிக்குப் பின் உரத்துப் பேசுவதையும் பாட்டு ஒலிக்கவிடுவதையும் விலக்கியது. ஆனால், நெரிசலில் பயணச்சீட்டு வழங்கவே திணறும் நடத்துநர் ஒவ்வொரு கைப்பேசியையும் கண்காணிப்பது இயலாத செயல். விதியை நிறைவேற்றும் பொறுப்பு பயணியின் கையில்தான் இருக்கிறது.

உரக்கப் பேசுவோர் அனைவரையும் பண்பற்றவர் என ஒதுக்குவதும் நியாயமாகாது. ஓரறை வீட்டில் பலரோடு வாழும் தொழிலாளிக்கும், வேலைக்கும் அடுப்படிக்கும் இடையே ஓடும் பெண்ணுக்கும், தொலைவிலுள்ள குடும்பத்தாரிடம் பேசக் கிடைக்கும் ஓய்வு நேரம் பயணமாகவே இருக்கலாம். அவ்வுரையாடலைத் தடுப்பது நோக்கமன்று. குரலைத் தாழ்த்துவதும், நீளும் பேச்சை இறங்கிய பின் தொடர்வதும், இயர்போன் இல்லாதபோது காணொளியை ஒலியின்றிப் பார்ப்பதும், அழைப்பு மணியை அதிர்வுக்கு மாற்றுவதும் போதும். கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் மெட்ரோ வழித்தடம் இவ்வூரின் பயணத்தை மாற்றும் இவ்வேளையில், புதிய பெட்டிகளுக்குள் பழைய இரைச்சலை ஏற்றாதிருக்கப் பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் இப்போதே முனைய வேண்டும். பேருந்தில் ஏறும் ஒவ்வொருவரும் கைப்பேசியை எடுக்கும் முன், நிறுத்தத்தின் பெயரைச் செவியால் மட்டுமே அறியக்கூடிய ஒருவர் அதே வண்டியில் இருக்கக்கூடும் என்பதை நினைத்து, ஒலியைக் குறைத்துக்கொள்வாராக.