ஒரு சின்ன ஊர், ஐம்பது கமாரோ!

சிகாகோவிலிருந்து தென்மேற்கே காரில் கிளம்பினால் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வழியெல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். மிசிசிப்பி ஆறு வருவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர், லா ஹார்ப். மக்கள்தொகை சுமார் 1,200. ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் ஊரே முடிந்துவிடும்.

ஆனால், பழைய கார் பைத்தியங்களிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். இங்கே ஷெவர்லே ஷோரூம் நடத்திய ஃப்ரெட் கிப் என்பவர் செய்த காரியம் அப்படி!

1960-களின் அமெரிக்கா. நடுத்தர அளவு காரில் ராட்சத இன்ஜினைப் பொருத்தி ஓட்டும் 'மஸில் கார்' மோகம் உச்சத்தில் இருந்தது. அன்று கார் வாங்குவது, ஓட்டலில் தோசை சொல்வது மாதிரி. எந்த இன்ஜின், எந்த கியர், என்ன சீட், என்ன கலர் என்று பட்டியலில் டிக் அடித்துக் கொடுத்தால், தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்து அனுப்புவார்கள். ஒரே மாடலில் இரண்டு கார்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதே அபூர்வம்.

பட்டியலில் இல்லாததும் உண்டு. கமாரோவில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. அதைத் தாண்ட ஒரு பின்வாசல் இருந்தது. டாக்ஸி, போலீஸ் வண்டி போன்றவற்றுக்காகத் தலைமை அலுவலகம் வழியாகப் போடும் சிறப்பு ஆர்டர். சுருக்கமாக 'கோபோ'.

கிப், டிராக் ரேஸ் பிரியர். கால் மைல் தூரம், நேர்கோட்டில் யார் முதலில் என்ற போட்டி. அதில் ஒரு காரை இறக்க வேண்டுமானால், அதே ரகத்தில் குறைந்தது 50 கார்களாவது தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். 'அவ்வளவுதானே, ஐம்பதையும் நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று கிளம்பிவிட்டார் மனிதர். 'கோபோ 9560' என்ற எண்ணில் ஆர்டர் போனது. இன்ஜின், இசட்.எல்.1. முழுக்க அலுமினியம். 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். காகிதத்தில் 430 குதிரைத்திறன், நிஜத்தில் 500-க்கும் மேல்.

முதல் இரண்டு கார்கள் 1968 டிசம்பர் 31 அன்று லா ஹார்ப் வந்திறங்கின. கூடவே விலையும் வந்தது. ஐயாயிரம் டாலருக்குள் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார் கிப். பில்லில் இருந்ததோ, ஒரு காருக்கு 7,200 டாலருக்கும் அதிகம்! இன்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர். சாதாரண வி-8 கமாரோவின் விலையே அப்போது 2,727 டாலர்தான். சிறப்பு இன்ஜினை உருவாக்கிய செலவையும் வாங்குபவர் தலையில் கட்டுவது என்று கம்பெனி கொள்கையை மாற்றியிருந்ததுதான் காரணம்.

50 கார்கள் என்றால் மூன்றரை லட்சம் டாலருக்கு மேல். விவசாயிகள் வாழும் ஒரு சின்ன ஊரில், அத்தனை விலைக்கு ரேஸ் காரை யார் வாங்குவார்கள்? விற்றவை 13. மீதி 37 கார்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கம்பெனியிடம் கேட்டார் கிப். கம்பெனியும் எடுத்துக்கொண்டு மற்ற ஊர் டீலர்களுக்குப் பிரித்து அனுப்பியது. அந்த இடத்தில் கம்பெனி கைவிரித்திருந்தால், லா ஹார்ப் ஷோரூம் அத்துடன் காலி. ரேஸ் மைதானத்துச் சாகசங்களைவிட, இந்தத் திக் திக் நாள்கள்தான் எனக்குப் பெரிய கதையாகத் தெரிகிறது.

மற்ற டீலர்கள் கேட்டதையும் சேர்த்து, மொத்தம் தயாரானவை 69 கார்கள். இன்று ஒவ்வொன்றும் பல லட்சம் டாலர் பெறும். அதனால் போலிகளும் உண்டு. இந்த காரின் உடம்பில் இன்ஜின் பெயரைச் சொல்லும் பேட்ஜ் ஒன்றுகூட இல்லை. பானெட் நடுவில் ஒரு மேடு, அவ்வளவுதான். சேஸிஸ் எண்ணும் பெரிதாக உதவாது. 124 என்று தொடங்கினால் வி-8 கமாரோ, 'என்' என்ற எழுத்து இருந்தால் ஓஹியோ மாநிலத்தின் நார்வுட் தொழிற்சாலையில் தயாரானது. என்ன இன்ஜின் என்பதை அந்த எண் சொல்லாது. ஆக, அன்றைய பில்லும் ஆர்டர் காகிதமும்தான் சாட்சி. பழைய காகிதத்தைக் குப்பையில் போடாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை!

நார்வுட் தொழிற்சாலை 1987-ல் மூடப்பட்டுவிட்டது. ஃப்ரெட் கிப்பின் ஷோரூமும் இப்போது இல்லை.

அமெரிக்காவில் ஏதாவது பழைய கார் கண்காட்சிக்குப் போக வாய்த்தால், பளபள கோடு போட்ட கார்களைத் தாண்டி, ஓரமாக நிற்கும் சாதுவான 1969 கமாரோவையும் ஒரு பார்வை பாருங்கள். காகிதம் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அதில் 'லா ஹார்ப், இல்லினாய்' என்று இருந்தால், முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.