உப்பு ஊரில் மழைக் கணக்கு

தூத்துக்குடி என்றதும் நமக்கெல்லாம் மக்ரூன் ஞாபகம் வரும், அடுத்தபடி உப்பு. மதினி வீடு அங்கே இருப்பதால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் வருவேன். இந்தத் தடவை போனது பங்குனி மாதம். வெயில் காய வேண்டிய மாதத்தில், முந்தின ராத்திரிதான் மழை கொட்டியிருந்தது!

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால், இந்தக் கரைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. வருஷம் பூராவும் சேர்த்தாலே சுமார் 65 சென்டிமீட்டர்தான். மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தானே உப்பளங்களே இங்கே வந்தன! தை பிறந்ததும் பாத்திகளைச் சீர்செய்து, உப்புநீர் பாய்ச்சி, புரட்டாசி வரை உப்பு வாருவார்கள். அப்புறம் மழைக்காலம், வேலை கிடையாது.

விடியற்காலையில் மதினியோடு உப்பளம் பார்க்கப் போனேன். வெள்ளை வெளேரென்று இருக்கும் பாத்திகளில் கலங்கல் தண்ணீர்தான் நின்றது. வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"முந்தில்லாம் தீவாளிக்கு மழை கட்டும், கார்த்திகை விளக்கோட ஓஞ்சிரும்க்கா. இப்ப எப்ப வரும்னே தெரியல. ஒரு ராத்திரி பெஞ்சா பாத்தி பூரா கரைஞ்சிருது. மறுபடி உப்பு விளையற வரைக்கும் கூலிக்கு எங்க போவ? பிள்ளையளுக்கு ஃபீஸ் கட்டணும்."

அவள் சொன்னது இந்த ஊர்க் கதை மட்டுமல்ல. இதே கரையில் இருக்கிற சென்னையில் 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மறு வருஷமே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2019 கோடையில் சென்னைவாசிகள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை மறக்க முடியுமா? 2021 ஜனவரியில், மழை ஓய்ந்திருக்க வேண்டிய தை மாதத்தில் கொட்டி, தஞ்சைப் பக்கம் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்தது.

காரணம் ரொம்பச் சிக்கலானதல்ல. கடல் சூடாகிறது; ஆவி அதிகம் எழும்புகிறது. காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. வருஷக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பத்து நாளில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தாலும் கூட்டல் ஒன்றுதானே!

மறுநாள் திருச்செந்தூர் பஸ் பிடித்தோம். பழையகாயல், வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர், ஆறுமுகநேரி எல்லாம் தாண்டி, காயல்பட்டினத்தில் மதினிக்குத் தெரிந்த வீட்டில் இறங்கினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தச் சின்ன ஊரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஒரு வருஷ மழையையும் மிஞ்சி, அதற்கு மேலே பாதிப்பங்கு. தாமிரபரணியும் கரை புரண்டு, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் மூழ்கின.

அந்த வீட்டு அம்மாவுக்கு அப்போது மூன்று மாதப் பேத்தி. "சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணி, குடிக்கத்தான் சொட்டு இல்ல. கரண்ட் இல்ல, போன் இல்ல. பிள்ளைக்குத் தாய்ப்பால் இருந்துச்சோ, பொழச்சோம். புட்டிப்பால்னா எதுல கலக்க, எதுல கழுவ?" என்றார். இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளணும்.

தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு, என் இடுப்பளவு. வெள்ளையடித்தும் போகவில்லையாம். அதற்கு மேலே இப்போது புதிதாக ஒரு பரண் போட்டிருக்கிறார்கள். மூடி போட்ட தண்ணீர்க் கேன் நாலு, அரிசி டின், டார்ச்சு, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ரேஷன் கார்டு சுற்றிய பிளாஸ்டிக் பை எல்லாம் அதில். தண்ணீரை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றுவாராம். "ஐப்பசியிலதான் எடுத்து வைப்பீங்களாம்மா?" என்று மதினி கேட்டாள்.

"அதெல்லாம் அப்போ. இப்ப வருஷம் பூரா அங்கதான் இருக்கு" என்றார்.