மார்கழி ஒன்று முதல் சிறுவீடு வரை

டிசம்பர் 17, 2023, ஞாயிறு

மார்கழி முதல் நாள். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று தாமிரபரணி கடலை நெருங்கும் ஊர்களில் மாதப் பிறப்பு வாசலில்தான் தெரியும். விடியுமுன் தெளித்துக் கோலமிட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைப்பார்கள். அந்த உருண்டைகளை எறிவதில்லை. வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை மாதத்துச் சிறுவீட்டுப் பொங்கல் வரை சேர்த்து வைப்பது பெண்பிள்ளைகளின் பொறுப்பு. பாட்டிமார் கணக்கில் பொங்கல் தொடங்குவது இன்றைக்குத்தான். இந்த ஆண்டின் முதல் கோலம் மழையில் கரைந்து போயிற்று.

குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி மழையைக் கொண்டுவந்தது. எழுபதைக் கடந்தவர்கள் இன்னும் மழையை உழவுக் கணக்கில் சொல்கிறார்கள். ஏர் பிடிக்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் ஓர் உழவு மழை. இன்று இரவு பெய்ததைச் சொல்ல அந்தக் கணக்கில் இடம் இல்லை.

டிசம்பர் 18, திங்கள்

காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைக்கும் மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. மேற்கே மாஞ்சோலை மலையிலும் அதே நேரத்தில் கொட்டியதால் ஆறு நிறைந்து வந்தது. கீழே குளங்கள் உடைந்தன. மேலேயிருந்து வரும் வெள்ளத்தை இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். 1992 நவம்பரில் பார்த்தார்கள். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, மேட்டுக்குப் போக நேரம் இருக்கும். இந்த முறை தலைக்கு மேலே பெய்ததும் ஆற்றில் வந்ததும் ஒன்றாகிவிட்டன. படுக்கையில் இருந்த வயதானவர்களுக்கு இதைவிடக் கொடிய இரவு வேறு இல்லை.

டிசம்பர் 19, செவ்வாய்

ஊர் முழுக்க ஒரே பேச்சு, ரயில். ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஏறக்குறைய 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் செய்துங்கநல்லூர் வரும் வழியில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், இரும்பு அந்தரத்தில் தொங்கியது. நிறுத்திய முடிவு அத்தனை உயிர்களையும் காத்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீடுகளும் வெள்ளத்தில் இருக்க, சமைத்துக் கொடுத்தார்கள். இன்று பயணிகள் மீட்கப்பட்டு வாஞ்சி மணியாச்சி வழியாக அனுப்பப்பட்டார்கள்.

ரயிலும் மழையும் சேர்ந்தால் பெரியவர்களின் நினைவு தனுஷ்கோடிக்குப் போகும். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைப் புயல் அலை கொண்டுபோயிற்று. அதில் இருந்தவர் யாரும் திரும்பவில்லை. அப்போது பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று கிழவர்கள். ‘ரயில் நிற்கிறது’ என்ற சொல்லை அவர்கள் நல்ல செய்தியாகக் கேட்டதில் நியாயம் உண்டு.

டிசம்பர் 23, சனி

வைகுண்ட ஏகாதசி. ஆற்றின் இரு கரைகளிலும் பரவிக் கிடக்கும் நவதிருப்பதிகளுக்கு ஆண்டின் பெரிய நாள். நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியில் அரையர் சேவை இன்றும் உண்டு. பகல்பத்து நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் வெள்ளம் வந்தது.

மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வேண்டும். அகத்தி இங்கே தனிப் பயிர் அல்ல. வெற்றிலைக்கொடி படர்வதற்காகக் கொடிக்காலில் நடும் மரம். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இதே 2023இல். வெற்றிலைக்கொடி தண்ணீர் தேங்கினால் தாங்காது, வேர் அழுகிவிடும். புதுக்கொடி நட்டு, படர்ந்து, இலை கிள்ளும் நிலைக்கு வர மாதங்கள் ஆகும். ஒரு பிடிக் கீரை கிடைக்கவில்லை என்றால் கொடிக்கால் எப்படி இருக்கிறது என்று வீட்டுப் பெரியவள் அடுப்படியிலேயே தெரிந்துகொள்வாள்.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். தூத்துக்குடி நகரின் தாழ்வான பகுதிகள் சிலவற்றில் தண்ணீர் இன்னும் முழுக்க வடியவில்லை. நாளை மறுநாள் திருவாதிரை, களியும் கூட்டும்.

ஜனவரி 14, 2024, ஞாயிறு

போகி. பழையன கழிக்கும் நாள். கழிக்க வேண்டியதைப் பல வீடுகளில் வெள்ளம் முன்பே கழித்துவிட்டது. கழிக்கக் கூடாததையும் சேர்த்து. மெத்தை, மாவரைக்கும் கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் பணம் இருந்தால் மறுபடி வாங்கலாம். நிலப்பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழும் நனைந்து ஒட்டிப்போனவர்களுக்கு நகல் வழங்க அரசு முகாம்கள் நடத்தியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணமும் கொடுத்தது. கலியாணப் படத்துக்கு நகல் தர எந்த முகாமாலும் முடியாது. கணவரை இழந்த மூதாட்டிக்கு அந்த ஒரு படம் போனது வீட்டின் பாதி போனது போல.

ஜனவரி 15, திங்கள்

தைப் பொங்கல். இந்தப் பக்கத்துப் பொங்கலுக்குப் பனை இல்லாமல் முடியாது. பனையோலையை எரித்துப் பானை வைப்பார்கள். கரும்பு, மஞ்சள் குலையோடு பனங்கிழங்கும் படையலில் இருக்கும். புதிதாகக் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல்படியிலும் கிழங்குக் கட்டு உண்டு. வாழை சாய்ந்தது, நெல் மூழ்கியது, உப்பளத்தில் குவித்திருந்த உப்பு கரைந்தது. பனை அப்படியே நின்றது. பனையின் அருமையை முதியவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். செங்கல் சூளைக்கு அதை வெட்டி விற்றவர்கள் இப்போதாவது காது கொடுக்க வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். ரயில் இம்மாத முதல் பகுதியிலேயே திருச்செந்தூருக்கு ஓடத் தொடங்கிவிட்டது. பாதயாத்திரைக்காரர்கள் பச்சை வேட்டியோடு சாலையில் போகிறார்கள்.

சிறுவீட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு ஊர் நாள் மாறும். சில ஊர்களில் பொங்கலை அடுத்தே முடித்துவிடுவார்கள், சில ஊர்களில் தை கழிவதற்குள். முற்றத்தில் மண்ணால் சின்ன வீடு கட்டி, கோலமிட்டு, சிறு பானையில் பெண்பிள்ளைகள் பொங்கலிடுவார்கள். மார்கழி முழுக்கச் சேர்த்த பூவறட்டிகள் அன்றுதான் வெளியே வரும். வெள்ளம் புகுந்த தெருக்களில் முதல் வாரத்துக் கோலங்கள் இல்லை. வறட்டிகள் அந்த அளவுக்குக் குறைவு. இருப்பதை எண்ணி எடுத்து, பொங்கலும் வெற்றிலையும் சூடமும் வைத்துப் பிள்ளைகள் ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். படித்துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாகத் தாமிரபரணியில் விட்டுவிட்டு வருவார்கள். பாட்டிமார் மேல்படியில் உட்கார்ந்து குலவையிடுவார்கள்.