எழுதுவோனும் சாட்சியும்

திருமறையின் மிக நீண்ட வசனம் எது என்று மத்ரஸாவில் ஓதும் சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்: சூரத்துல் பகறாவின் 282ஆம் வசனம். அது தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை ஏட்டில் எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுவோனுக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கலாகாது என்னும் கட்டளை அதன் இறுதிப் பகுதியில் இடம்பெறுகிறது. அதற்கு அடுத்த வசனமோ சாட்சியத்தை மறைப்பதைத் தடுக்கிறது. ஏடு எழுதும் மனிதனைக் காப்பதும், ஏட்டில் உள்ளதை ஒளிக்காதிருப்பதும் அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு கடமைகள். ஒன்றைச் சாக்காகக் காட்டி மற்றொன்றைக் கைவிட மார்க்கம் இடம் தரவில்லை.

இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுவதாக அரசு அலுவலகங்கள் கருதும் இடம் ஒன்று உண்டு. கடமையைச் செய்யச் சென்ற அதிகாரி மிரட்டப்படுகிறார். அது குறித்துப் புகார் வந்ததா, வழக்குப் பதிவாயிற்றா என்று குடிமக்கள் கேட்கின்றனர். பாதுகாப்புக் கருதிச் சொல்வதற்கில்லை என்று பதில் வருகிறது. இப்பதில் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

பழவேற்காட்டு ஏரியை அண்டி வாழும் மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இங்கே வலையிடும் இடத்தைப் 'பாடு' என்பர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், இன்ன பாடு இன்னாருக்கு என்பதை எல்லாரும் கூடிய இடத்தில் குலுக்கல் போட்டு முடிவு செய்யும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டிருக்கின்றனர். நாலுபேர் அறிய நடந்ததைப் பின்னர் ஒருவன் மறுக்க முடியாது. இத்தகைய மக்களுக்கு மூடிய கோப்பு என்பது இயல்பாகவே ஐயத்தைத் தருவது.

சில ஆண்டுகளுக்கு முன் குப்பத்து இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். கரைநிலம் அளக்க வந்த ஊழியர் ஒருவரை யாரோ மிரட்டிவிட்டனர்; அளவுப் பணி நின்றுபோயிற்று. மிரட்டியவர்கள் குப்பத்தார்தாம் என்று கடைத்தெருவில் பேச்சு. "ஹஜ்ரத், செய்யாத பழி எங்க தலையில விழுந்திருக்கு. காகிதத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும். ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார்.

அவர் கொண்டுவந்த குறிப்பில் ஊழியரின் பெயர், குடியிருக்கும் வீடு, சாட்சி சொன்னவர் யார், இனி எந்நாளில் அளக்க வருவார் என்றெல்லாம் கேட்கப்பட்டிருந்தது. "தம்பி, இவையெல்லாம் மிரட்டியவனுக்குத்தான் தேவை, உமக்குத் தேவையில்லை" என்று சொல்லி அவற்றை நீக்கினோம். மூன்றாண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை, பதிவான வழக்குகள் எத்தனை, குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை, குப்பத்தார் எவரேனும் குற்றஞ்சாட்டப்பட்டுள்ளனரா என்னும் நான்கு கேள்விகளை மட்டும் நிறுத்தி, பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி அனுப்பினோம். ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. மேல்முறையீடு செய்தபின், பெயர்கள் மறைக்கப்பட்ட பதில் வந்தது. நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல் ஓர் ஊரின் மானத்தை மீட்டது.

சட்டம் சொல்வதும் இதுவே. 1997இலேயே நாட்டில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம் தமிழகம். பின்னர் வந்த 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில், பிரிவு 8(1)(ஜி) ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலையும், நம்பிக்கையின் பேரில் துப்புக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் தகவலையும் மறுக்க இடமளிக்கிறது. பிரிவு 8(1)(எச்) புலன்விசாரணைக்குத் தடையாகும் தகவலை விலக்குகிறது. இவை வேண்டிய வேலிகளே. ஆனால் பிரிவு 10, மறைக்க வேண்டியதைப் பிரித்தெடுத்துவிட்டு எஞ்சியதைத் தரச் சொல்கிறது. விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவல் தருவதால் அது எவ்வாறு கெடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் டில்லி உயர்நீதிமன்றம் பகத்சிங் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. மேலும், சில வகை வழக்குகள் நீங்கலாக முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வழக்குகளுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. 1971 ரேபரேலித் தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடுத்த ராஜ்நாராயண், 'நீலப் புத்தகம்' என்னும் ஏட்டைக் கேட்டார். பிரதமர் சுற்றுப்பயணம் செய்யும்போது அவரைக் காக்கும் விதிகள் அடங்கிய ஏடு அது. பாதுகாப்பு என்ற பெயரால் அரசு செலவில் தேர்தல் மேடை போடப்பட்டதா என்பது வழக்கின் வினாக்களுள் ஒன்று. அரசு கொடுக்க மறுத்தது. 1975 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஏட்டை அப்படியே தூக்கிக் கொடுக்கவும் சொல்லவில்லை. அரசின் சொல்லே முடிவு என்றும் விடவில்லை. தேவையானால் நீதிபதி தாமே ஏட்டைப் பார்க்கலாம். தீங்கற்ற பகுதியைப் பிரித்து வெளியிடலாம் என்றது. பொதுக்காரியங்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று நீதிபதி மாத்யூ தனியே எழுதினார். நாட்டின் மிக உயர்ந்த பதவியாளர் ஒருவரின் பாதுகாப்பு ஏட்டையே இவ்விதம் பகுத்துப் பார்க்கலாம் எனில், ஒரு தாலுகாவின் மிரட்டல் புகார்களை எண்ணிச் சொல்வதில் என்ன இடையூறு?

முழு மறைப்பு சிறிய அதிகாரியைக் காக்கும் என்பதும் உண்மையன்று. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் குறித்துப் புகார் கொடுத்திருந்தார். சில நாட்களிலேயே, 2023 ஏப்ரல் 25 அன்று, தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. புகார் கொடுத்தவர் யார் என்பது கொலைஞருக்குத் தெரியாத இரகசியமாக இருக்கவில்லை. இத்தகைய புகார்கள் மீது எத்தனை நாளில் என்ன நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்பதுதான் பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமல் கிடக்கிறது. அதனை மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் மேலிடத்தார் அசட்டையாக இருக்க இயலாது. ஆகவே அக்கேள்வி அதிகாரிக்குப் பகையன்று, அரண்.

வாசக நேயர்களே! நம் வீட்டுப் பிள்ளைகள் கிராம அலுவலராகவும் காவலராகவும் ஆசிரியராகவும் பணியாற்றுகின்றனர். அவர்களுடைய வீட்டையும் வழியையும் பயண நாளையும் கேட்பது பாவம். அவர்கள் கொடுத்த புகார் என்னவாயிற்று என்று கேட்பது கடமை. 30 நாட்களில் பதில் வராவிடினும், காரணமின்றி மறுக்கப்படினும், அவ்வலுவலகத்தின் மேலதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடுங்கள். அங்கும் நியாயம் கிட்டாவிடில் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தை நாடுங்கள். எழுதுவோனுக்குத் தீங்கு நேராமலும், எழுதியது மறையாமலும் காக்கும் பக்குவத்தை வல்ல அல்லாஹ் ஆள்வோருக்கும் நமக்கும் தந்தருள்வானாக!