நோவு எங்கே இருக்கிறது?



நம் சபையின் செவிலியச் சகோதரி ஒருவர், மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பிரிவில் 340 மதிப்பெண் பெற்றார். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவுசெய்ய அப்பிரிவில் 350 வேண்டும். கட்டணத்துக்காக அடகு வைத்த வளையல்கள் இன்னும் மீட்கப்படவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

இதில் என் பிழையும் உண்டு. தொடக்கத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டபோது, தடித்த ஆங்கிலச் சொல் நூலொன்றைக் கொடுத்து, "தினம் முப்பது சொல் மனப்பாடம் செய்யம்மா" என்றேன். பெங்களூரில் இரவுப் பணி முடித்து, அத்திப்பள்ளி வழியாகப் பேருந்தில் ஓசூர் திரும்பும்போதெல்லாம் அவர் அதைப் படித்தார். நூறு நாளில் மூவாயிரம் சொற்கள்! நான் பெருமைப்பட்டேன்.

தேர்வு எத்தகையது என்பதை நான் வாசித்தறிந்தது பிற்பாடுதான். பேச்சுப் பிரிவில் இரண்டு உரையாடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிட ஆயத்தம், ஏறத்தாழ ஐந்து நிமிடப் பேச்சு. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். உச்சரிப்பும் இலக்கணமும் மட்டுமல்ல, அவருக்குப் புரியும்படி விளக்கினாரா, அவருடைய கவலையைக் கேட்டறிந்தாரா என்பதும் மதிப்பிடப்படும். நம் சகோதரியோ, மாத்திரை வலியை 'அலீவியேட்' செய்யும், நடந்தால் 'எக்ஸாசர்பேட்' ஆகும் என்று அடுக்கியிருக்கிறார். 'ஈஸ்', 'கெட் வொர்ஸ்' என்பவை தெரியாமல் அல்ல. அவை தேர்வுக்குத் தகுந்தவை அல்ல என்று எண்ணிவிட்டார். எண்ணவைத்தவன் நான்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர், பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். பிரசங்கத்தில் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறேன், சொன்னவனுக்கு உறைக்கவில்லை.

இதே சகோதரி மருத்துவமனையில் கன்னடப் பாட்டிகளிடம், "நோவு எல்லிதெ, அஜ்ஜி?" என்றுதான் கேட்கிறார். கன்னட அகராதியை அவர் திறந்ததே இல்லை. நம் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்டு வளர்ந்தவருக்கு அது தானாக வந்தது. ஆங்கிலத்திலும் அந்தக் கேள்வி நான்கே சொற்கள்: "வேர் டஸ் இட் ஹர்ட்?"

அந்த நூலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இப்போது சனிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் முடிந்ததும் நான் நோயாளியாக நடிக்கிறேன். சென்ற வாரம் கால் வீங்கிய, மாத்திரை விழுங்க மறுக்கும் கிழவன். அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, "வாட் வொரீஸ் யூ மோஸ்ட்?" என்றார். பதில் சொல்ல எனக்குத்தான் ஆங்கிலம் வரவில்லை.

மறு தேர்வு அடுத்த மாதம். என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசும் நோயாளிகள் இருவர் தேவை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஆலயத்துக்கு வாருங்கள்.