செஜோங் மன்னரும் நின்றுபோன துஆவும்

கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் எங்கட பிள்ளைகள் முதலில் எழுதிப் பழகுவது ஒரு மன்னர் ஆக்கிய எழுத்தை. 1418 முதல் 1450 வரை ஆண்ட செஜோங். சீன எழுத்துப் படிக்க வழியில்லாத சாதாரண மக்களுக்காக 28 எழுத்துகளை உருவாக்கி 1446இல் வெளியிட்டார். படித்த அதிகாரிகள் எதிர்த்தார்கள், அவர் விடவில்லை. அரசாங்க அடிமைப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் 100 நாள் ஓய்வு கொடுத்தவரும் அவர்தான். நாங்கள் வியந்து பேசுவது இதுவரைக்கும்தான். மற்றதையும் சொல்ல வேணும்.

அந்த நாட்டில் அப்போது முஸ்லிம்களும் இருந்தார்கள். தங்கள் உடையிலேயே அரசவைக்கு வந்து மன்னருக்காகத் துஆ ஓதினார்கள். 1427இல் அதிகாரிகள் முறையிட்டார்கள்: உடை வேறாக இருப்பதால் ஊரார் இவர்களோடு சம்பந்தம் செய்ய வெட்கப்படுகிறார்கள், நம் உடையையே உடுக்கட்டும், அந்த ஓதலும் நிற்கட்டும் என்று. (வெட்கப்பட்டது உடுத்தவர்கள் அல்ல, கவனியுங்கள்.) மன்னர் சம்மதித்தார். பிறகு அந்தச் சமூகம் மெல்ல மெல்லக் கொரியருக்குள் கரைந்துபோனது.